இளையவர்களுக்கு ஈடுபாடு இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அரசு வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஈடுபாடே இல்லை என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷம் அரசு அலுவலகத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவின் மூத்தவர்களும் எங்களைப் பார்த்து இதையேதான் சொன்னார்கள்.

கட்டுரையாளர் இருபத்தைந்து வயதுக்காரரையும் ஐம்பத்தைந்து வயதுக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, கண்ணில் பட்ட வித்தியாசம் முழுவதையும் தலைமுறையின் கணக்கில் எழுதிவிட்டார். வயது ஏற ஏற நிரந்தரமும் ஓய்வூதியமும் பெரிதாகத் தெரியும், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வேலை நேரம் பெரிதாகத் தெரியும், இது எந்த வருஷம் பிறந்தவருக்கும்தான். இன்றைய மூத்தவர்கள் அதே இருபத்தைந்து வயதில் என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் எப்படி ஒப்பிடுவது? அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் அமைத்த குழு தலைமுறைகளை இப்படி ஒப்பிடும் ஆய்வுகளை அலசி 2020-இல் அறிக்கை கொடுத்தது. தலைமுறை முத்திரையை நம்பிப் பணியாளர் விஷயத்தில் முடிவெடுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதிகாரி கிளம்பும்வரை நாங்கள் இடத்தைவிட்டு எழுந்ததில்லை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். என் கடைசி இரண்டு வருஷம் என் பிரிவில் ஒரு இளம்பெண் இருந்தார். நேரம் முடிந்ததும் கிளம்பிவிடுவார், ஆனால் அவர் மேசையில் ஒரு கோப்பும் தேங்காது, மனு கொடுத்தவர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். ஆண்டு மதிப்பீட்டில் அவருக்கு ‘ஈடுபாடு குறைவு’ என்று எழுதினார்கள். பக்கத்திலேயே இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை, அது இன்றுவரை உறுத்துகிறது.

அப்புறம் ஒன்று. பல நாடுகளில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு எங்களுக்குக் கிடைத்த உறுதியான ஓய்வூதியம் இல்லை, அவர்கள் சம்பளத்திலிருந்தும் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்புத் திட்டம்தான், நிறையப் பேருக்கு ஒப்பந்தப் பணி. எங்களை முப்பது வருஷம் பிடித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டு, ஏன் நிலைக்கவில்லை என்று அவர்களைக் கேட்பது நியாயமே இல்லை.

அந்தக் கட்டுரையில் ஒரு இளம் ஊழியர்கூடப் பேசவில்லை. அடுத்த இதழிலாவது அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவர்