கணவன் மனைவி விசா: தேதியையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரைத் திருமணம் செய்தவர்கள் குடியேற்ற விசா வாங்குவது எப்படி என்று போன ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நேர்காணலில் என்ன கேட்பார்கள், எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆரம்பம் முதல் முடிவு வரை ‘சீக்கிரம் வாங்குவது எப்படி’ என்பதே பேச்சு. எந்த மாதம் போய் இறங்குவது என்று ஒரு வரிகூட இல்லை. அது தெரியாமல் நான் மாட்டிக்கொண்டு முழிப்பதால் எழுதுகிறேன்.

என் மனைவி அமெரிக்கக் குடிமகள். கணவன் என்ற முறையில் எனக்காக அவள் போட்ட ஐ-130 மனு ஒப்புதலாகி, ஃபைல் என்.வி.சி. என்கிற தேசிய விசா மையத்துக்கு வந்ததும், எங்களுக்கு உதவிய ஏஜென்ட், “டாக்குமென்ட் எல்லாத்தையும் இன்னைக்கே ஏத்திடுங்க சார், விசாவ வாங்கி வச்சுக்கிட்டா எப்ப வேணா போகலாம்” என்றார். வாங்கி வைத்துக்கொள்ள அது என்ன ஃபிக்ஸட் டெபாசிட்டா? குடியேற்ற விசா பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும், அதுவும் மருத்துவப் பரிசோதனை நடந்த தேதியை ஒட்டியே அந்த ஆறு மாதம் ஓடும். மே மாதம் மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடிந்தது. பாஸ்போர்ட் திரும்பி வந்த அன்று கவரைக் கிழித்துப் பார்த்தால் நவம்பர் 9 வரைதான் செல்லும் என்று அச்சாகியிருந்தது.

அப்புறம்தான் காலண்டரை எடுத்தேன். நான்கு வருடமாகச் சேர்ந்துகொண்டிருந்த கம்பெனிப் பங்குகளில் கடைசிக் கால்பங்கு டிசம்பர் 1-ல் கைக்கு வரும், அன்று நான் பணியில் இருக்க வேண்டும். எங்களுக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறைவது டிசம்பர் 11. இந்த இரண்டாவது தேதிக்கு என்ன முக்கியத்துவம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் பத்து வருட கிரீன் கார்டு. ஒரு நாள் குறைந்தாலும் இரண்டு வருட நிபந்தனைக் கார்டுதான், அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-751 மனு போட்டு, இது உண்மையான திருமணம்தான் என்று மறுபடியும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். விசாவில் நிபந்தனைக் கார்டுக்கான சி.ஆர்.1 என்ற வகை அச்சாகியிருந்தாலும் இரண்டு ஆண்டு கடந்த பிறகு இறங்கினால், விமான நிலையத்தில் அதிகாரியிடம் சொல்லி பத்து வருடக் கார்டுக்கான ஐ.ஆர்.1 ஆக மாற்றிக்கொள்ளலாம். எனக்கு அதற்கும் வழியில்லை, ஒரு மாதத்தில் கோட்டை விட்டேன்.

“சும்மா ஒரு நடை போய் முத்திரை குத்திக்கிட்டு வந்துடு, வேலையை நிதானமா முடி” என்று நண்பர்கள் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். இந்த யோசனைதான் எனக்குப் பெரிய ஆபத்தாகப் படுகிறது. குடியேற்ற விசாவில் நுழையும் அந்த முதல் நாளிலிருந்தே அமெரிக்க வரிச் சட்டப்படி நீங்கள் அங்கே வசிப்பவர். பத்தாம் நாள் ஊர் திரும்பி மூன்று மாத நோட்டீஸில் வாங்கும் சம்பளம், வங்கி வட்டி, பி.பி.எஃப். வட்டி எல்லாம் அங்கேயும் கணக்கில் காட்ட வேண்டியதுதான். இங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழி உண்டு, ஆனால் பி.பி.எஃப். வட்டிக்கு இங்கே வரியே கிடையாதே, எதைக் கழிப்பது? இந்தியக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலே எஃப்பார் என்ற தனி அறிக்கை வேறு. வெளியே ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் திரும்பும்போது கேள்வி வரும். ஓராண்டுக்கு மேல் தங்குவதாக இருந்தால் அங்கே இருக்கும்போதே ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும்.

மியூச்சுவல் ஃபண்ட் கதை இன்னும் மோசம். நம் ஊர் ஃபண்டுகளை அமெரிக்க வரித்துறை பிஃபிக் (செயலற்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம்) என்ற தனிக் கூண்டில் அடைக்கிறது. சிறு தொகைக்கு விலக்கு உண்டு, மற்றபடி ஃபண்டுக்கு ஒரு 8621 படிவம். இதைக் கேள்விப்பட்டதும் அக்டோபரில் அவசர அவசரமாக எல்லாவற்றையும் விற்றேன், இறங்கும் முன்பே விற்றாயிற்று என்று நிம்மதியாகவும் இருந்தேன். இப்போது மனைவியுடன் கூட்டாகக் கணக்கு தாக்கல் செய்தால் அவளுக்கு வரி குறைகிறது, ஆனால் அதற்கு நானும் ஜனவரி 1 முதலே அங்கே வசித்தவன் என்று எழுதிக்கொடுக்க வேண்டுமாம். அப்படிக் கொடுத்தால் அக்டோபர் லாபமும், அதுவரை இங்கே வாங்கிய சம்பளமும் உள்ளே வந்துவிடும். நான்கு ஃபண்ட், ஆறு வருட எஸ்.ஐ.பி., ஒவ்வொரு தவணையும் வாங்கிய தேதி, விலை. 288 வரி ஓடும் எக்ஸெல் ஷீட்டை வைத்துக்கொண்டு இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தியப் பக்கமும் விடவில்லை. நம் வரி ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை, அவர்களுடையது ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஏப்ரலிலிருந்து 182 நாள் இங்கே இருந்துவிட்டால் அந்த ஆண்டு முழுக்க இங்கே வசித்தவன்தான், செப்டம்பர் கடைசியில் அந்தக் கணக்கு நிறைந்துவிடும். நான் நவம்பரில் கிளம்பினேன். மார்ச் 31 வரை அங்கே வாங்கிய சம்பளத்தை இங்கேயும் காட்டி, இரட்டை வரி ஒப்பந்தப்படி நிவாரணம் கேட்க வேண்டும். செப்டம்பருக்குள் போயிருக்கலாமே என்பீர்கள். 90 நாள் நோட்டீஸ், போதாததற்கு மேனேஜர் ‘இந்த ரிலீஸ் மட்டும் முடிச்சுக் கொடுத்துடுப்பா’ என்று கேட்டார், தலையாட்டிவிட்டேன். என் தப்புதான்.

என்.வி.சி.யில் ஆவணங்களை நான்கு மாதம் தள்ளி ஏற்றியிருந்தால் போதும். பங்கும் வந்திருக்கும், பத்து வருடக் கார்டும் கிடைத்திருக்கும், ஜனவரி முதல் வாரம் இறங்கியிருந்தால் அமெரிக்க வரி ஆண்டும் ஏறக்குறைய முழுசாக இருந்திருக்கும். அந்தக் கட்டத்தில் வேகம் நம் கையில்தான் இருக்கிறது. ஓராண்டு எந்தத் தொடர்பும் இல்லாமல் மட்டும் விட்டுவிடக் கூடாது, மனுவையே முடித்துவைக்கும் வேலை தொடங்கிவிடும். நேர்காணல் முடிந்த பிறகு இந்தச் சலுகையெல்லாம் கிடையாது.

பிரிந்திருக்கும் தம்பதியிடம் இன்னும் நான்கு மாதம் பொறுங்கள் என்று சொல்வது சுலபமில்லை என்பதும் தெரியும். என் மனைவியிடம் இப்போது இந்தக் கணக்கைச் சொன்னால்கூட, “அப்ப நாலு மாசம் லேட்டா வந்திருப்பியா?” என்று முறைக்கிறாள். சில வீடுகளில் குழந்தை பிறக்கப் போகிறது, சிலருக்கு வேலையே போய்விட்டது, அவர்கள் முதல் விமானத்தில் ஏறட்டும். இறங்கிய அன்றே வேலைக்குச் சேர உரிமை தரும் விசா இது, தனி அனுமதி அட்டைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, அது பெரிய விஷயம். தெரிந்தே சீக்கிரம் போகிறவர்களைப் பற்றி எனக்குப் பேச்சில்லை, தேதியைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பதே தெரியாமல் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு ஓடுபவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

அடுத்த முறை இந்த விசா பற்றி எழுதும்போது இரு நாட்டு வரியும் பார்க்கிற ஆடிட்டர் ஒருவரிடமும் நாலு கேள்வி கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
எக்ஸெல் ஷீட்டுடன் ஒரு வாசகன்