என்சைம் பரிசோதனைக்கு மதுரையிலேயே ரத்தம் எடுத்து அனுப்ப வசதி கேட்டு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மதுரை.

ஐயா, வணக்கம்.

நான் உசிலம்பட்டி பக்கத்துக் கிராமத்துக்காரன். என் மூன்று வயது மகனுக்கு மண்ணீரல் வீங்கி, இடுப்பில் டவுசர் நிற்பதில்லை. பூச்சி மருந்து, இரும்புச்சத்து டானிக் எல்லாம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. காச்சர் நோயாக (ஒரு என்சைம் குறைவால் உடம்பில் கொழுப்பு தேங்கி மண்ணீரல் வீங்கும் பரம்பரை நோய்) இருக்கலாம், ரத்த வெள்ளை அணுக்களில் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற அந்த என்சைம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் டாக்டர்.

சரி என்று ரத்தம் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பச்சை மூடி டியூபில் எடுத்தது, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் எல்லாம் தண்ணீராகி திங்கட்கிழமைதான் சென்னை லேபுக்குப் போய்ச் சேர்ந்தது, அதுவும் மே மாத வெயிலில். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏற்றியிருந்தால் மறுநாள் விடியற்காலையே போயிருக்கும்! இந்த நோயில் குறையாத இன்னொரு என்சைமையும் சேர்த்துப் பார்ப்பார்களாம். அதுவும் குறைந்திருந்ததால் ரத்தம் கெட்டுவிட்டது, மறுபடி அனுப்புங்கள் என்று ரிப்போர்ட். கட்டிய பணம் போனது போனதுதான், பிள்ளைக்குத் திரும்பவும் ஊசி.

நான் பெரிய லேப் கேட்கவில்லை. மதுரையில் ஏதாவது ஓர் அரசு மருத்துவமனையில் மாதிரி எடுக்க ஓர் இடமும் பழகிய ஓர் ஆளும் போதும். வடிதாள் அட்டையில் ரத்தச் சொட்டு விட்டு, நிழலில் மூன்று நான்கு மணி நேரம் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உறையில் போட்டு அனுப்புகிற முறை இருக்கிறது. அதில் குறைவு என்று வந்தவர்களுக்கு மட்டும், உறுதி செய்ய முழு ரத்தத்தை வாரத்தின் முதல் நாட்களில் எடுத்து அன்றிரவே குளிர்பெட்டியில் அனுப்பலாம்.

அக்கா மகளைத்தான் கட்டியிருக்கிறேன். சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்தப் பக்கம் முறைப்பெண்ணைக் கட்டாத குடும்பம் எத்தனை? இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம், ஆனால் மூத்தவனுக்கு என்ன நோய் என்று தெரிந்தால்தானே எதைத் தேடுவது என்று தெரியும். அப்புறம், மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கைப்படி 50 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் சிகிச்சை உதவிக்கும் நோய் உறுதியானால்தான் பேச்சே.

எனவே இந்த மனுவைச் சுகாதாரத் துறைக்குப் பரிந்துரைத்து, அடுத்த கோடைக்கு முன்பாக இந்த வசதியைச் செய்துதர வேண்டுகிறேன்.

இணைப்பு: லேப் ரிப்போர்ட் நகல், பணம் கட்டிய ரசீது நகல்.

இப்படிக்கு,
குழந்தையின் தந்தை