சரியாக 24

சுங்கை சிப்புட்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு நண்பன் முனியாண்டிக்கு,

உன் கடிதம் வியாழனன்று கிடைத்தது. சர்க்கரை விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். இங்கே எல்லாரும் நலம். நாம் சுற்றித் திரிந்த பால்மர (ரப்பர்) காடு முழுக்க இப்போது செம்பனை, எண்ணெய்ப் பனை. உன் அம்மா பாலெடுக்க மரம் சீவிய நிரை, அந்த மர வரிசை, எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பேத்தி இடைநிலைப் பள்ளியில் படிவம் 4-க்கு வந்துவிட்டாள். கூடுதல் கணிதம் எடுத்திருக்கிறாள். அதில் வரும் ஒன்றுக்கு மலாய் மொழியில் 'செலாங்', தமிழில் இடைவெளி என்று பெயர். அந்தப் பெயர் எனக்கு ஒட்டவில்லை. இடைவெளி என்றால் நடுவில் ஒன்றுமில்லை என்றுதானே காதில் விழுகிறது? கணக்கில் நேர்மாறு. அதிலிருந்து எந்த இரண்டு எண்களை எடுத்தாலும் நடுவிலுள்ள மெய்யெண் ஒன்றுகூட விடுபடக் கூடாது. நடுவே ஒரே ஒரு புள்ளியைப் பிடுங்கினாலும் அது இரண்டு துண்டாகிவிடும்.

[2, 5] என்று சதுர அடைப்பு போட்டால் 2, 5 இரண்டும் உள்ளே. (2, 5) என்று வளைவு போட்டால் இரண்டும் வெளியே. ஒரு பக்கம் மட்டும் சேர்ப்பதும் உண்டு. எண்கோட்டில் வரையும்போது உள்ளே இருப்பதற்கு நிரப்பிய புள்ளி, வெளியே இருப்பதற்கு வெற்று வட்டம். முடிவிலிப் பக்கம் எப்போதும் வளைவுதான்; அது எண்ணே இல்லையே, எப்படி உள்ளே சேர்ப்பது?

இதுவரை எனக்குச் சிரமமில்லை. பிறகு கேட்டாள்: "தாத்தா, 2 வெளியே என்றால் உள்ளே முதல் எண் எது?" 2.1 என்றேன். 2.01 அதற்கு முன்னால் இருக்கிறதே என்றாள். 2.001 என்றேன். சிரித்தாள். நீ எதைச் சொன்னாலும் அதற்கும் 2-க்கும் நடுப்புள்ளி இன்னும் முன்னால் நிற்கும், அதுவும் உள்ளேதான். வரிசை இருக்கிறது, முதல் ஆள் இல்லை! ஆனாலும் இரண்டு ஓரங்களையும் சேர்த்தாலும் விட்டாலும் நீளம் அதே 3. புள்ளிக்கு அகலம் கிடையாதாம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்கு காரணமில்லை.

நான் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, இளநிலை எழுத்தராக, சேர்ந்த புதிதில், காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினோம், நினைவிருக்கிறதா? மாதத்தில் 24 நாட்களுக்கு மேல் வேலைக்கு வந்தவர்களுக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) கூடுதல். ஆங்கிலத்திலிருந்து தமிழில் எழுதியது நான்தான். செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், உன் அம்மாவுக்குச் சரியாக 24 நாள். பணம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். "24 நாளுக்கு மேல் என்றால் 24-உம் சேர்த்திதானே, தம்பி?" என்று என்னிடம் கேட்டார். நான் செக்ரோலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நாட்கள் முழு எண்கள். 24-க்கு அடுத்தது 25, நடுவில் யாரும் இல்லை. '25 நாளாவது' என்று எழுதியிருந்தால் முடிந்துபோயிருக்கும். பேத்தியின் கணக்கில் அந்த வழி கிடையாது, 2-க்கு அடுத்த எண் என்று ஒன்று இல்லை. எனக்கு இருந்தது. நான் எழுதவில்லை.

நம் மலேசியாவின் ஓட்டுரிமை விஷயத்திலும் இதைக் கவனித்தேன். 2019-இல் சட்டத்தைத் திருத்தி, 21 வயதை 18 ஆகக் குறைத்தார்கள். 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதை '18 வயதுக்கு மேற்பட்டோர்' என்று சொல்பவர்களும் உண்டு. '18 நிரம்பியோர்' என்பதே சரி. 'நிரம்பிய' என்ற சொல்லிலேயே நிரப்பிய புள்ளி இருக்கிறது பார்.

சரி, உன் சர்க்கரை. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை லிட்டருக்குச் சரியாக 7.0 மில்லிமோல் வந்தது, "7-க்கு மேல் போகவில்லையே" என்று எழுதியிருக்கிறாய். நீரிழிவுக்கான வரம்பு 7.0-உம் அதற்கு மேலும். அங்கே சதுர அடைப்பு, முனியாண்டி. இன்னொரு முறை இரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுது. அதுவரை கோப்பிக்கடையில் சீனி போடாமல் குடி.

உன்
பெருமாள்