அப்பாவின் வாத்துக் கணக்கு நோட்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் போடவில்லை என்று திட்டாதே. முதலில் சின்னச் செய்திகளை முடித்துவிடுகிறேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, படி ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போதுதான் உயிர் போகிறது. மகள் வேலை மாறிவிட்டாள், பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். அம்மாவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது, ஆனால் நாம் கேட்கக் கூடாது என்று நினைத்துப் பேசுவது மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது. நீ எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினேன், “அவன் இன்னும் திருந்தலையா” என்றாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பரணில் மழைத் தண்ணீர் இறங்குகிறது என்று எல்லாவற்றையும் இறக்க வேண்டியதாகிவிட்டது. தங்கச்சி கீழே நின்று வாங்க, நான் மேலே நின்று கொடுக்க, ஒரு பழைய கோணி மூட்டையை இழுத்த இழுப்பில் அடிப்பக்கம் கிழிந்து தடதடவென்று வாத்துகள் கொட்டின. மர வாத்துகள்டா! வேட்டைக்குப் போகும்போது நிஜ வாத்துகளை இறங்க வைக்கத் தண்ணீரில் மிதக்கவிடுவோமே, நம் பொம்மை வாத்துகள். ஒன்று தங்கச்சி தோளில் விழுந்தது, அவள் கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது. இருபத்துநாலு இருக்க வேண்டும், எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு. இரண்டு எங்கே போனது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், அந்தச் சூறைக்காற்று நாளில் முடிச்சு போட்டது யார் என்ற பழைய வழக்கை இப்போது திறக்க வேண்டாம்.

ஒவ்வொன்றின் கழுத்திலும் கயிறு அப்பா சுற்றிய சுற்று அப்படியே இருக்கிறது. கீழே தொங்கும் ஈயக்கட்டியை வாலுக்கு அடியில் மடக்கி, நுனியைச் செருகி, அவிழ்க்கும்போது ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி. நீ செதுக்கிய அந்த ஊசிவால் வாத்தும் இருக்கிறது. தண்ணீரில் விட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, குடித்துவிட்டு வருகிறவன் மாதிரி மிதக்குமே, அதேதான். அதைத் தூக்கிப் போடச் சொல்லி நாங்கள் எல்லோரும் சிரித்தபோது அப்பா மட்டும், “இருக்கட்டும், எல்லா வாத்தும் நேராவா மிதக்குது?” என்று அதையே முதல் வரிசையில் போட்டார். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அன்றைக்கு உன்மேல் கொஞ்சம் பொறாமை, இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் லவ்லாக் என்று ஒரு குகை. அங்கே 1924இல் தோண்டியபோது கோரையால் செய்த பொம்மை வாத்துகள் 11 கிடைத்தன, ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழசு. சிலவற்றில் இறகுகூட அப்படியே இருந்தது. ஒரு குழிக்குள் பத்திரமாக மறைத்து வைத்திருந்தார்கள். அடுத்த பருவத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தவன் ஏனோ திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். இதை முன்பு படித்தபோது ‘அடேயப்பா’ என்று விட்டுவிட்டேன். கிழிந்த கோணியைக் கையில் வைத்துக்கொண்டு பரணில் உட்கார்ந்திருந்தபோது வேறு மாதிரி இருந்தது. (நம் பழைய தமிழில் இப்படிக் காட்டிப் பிடிக்க வைத்திருக்கும் விலங்குக்கும் பறவைக்கும் ‘பார்வை’ என்றே பெயர். எவ்வளவு நல்ல சொல், நாம் என்னவோ பொம்மை பொம்மை என்றே சொல்லி வளர்ந்துவிட்டோம்.)

மூட்டையின் அடியில் ஒரு தகர டப்பா. உள்ளே வாத்துகளைக் கூப்பிட அப்பா ஊதும் ஊதல், ஒரு நோட்டு. நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

ஊதலை எடுத்து ஊதினேன். உள்ளே நாக்கு ஒட்டிக்கொண்டு ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் ஏதோ வந்தது. காது கேட்காத அம்மா உடனே உள்ளேயிருந்து, “அவரோட ஊதலை எச்சில் பண்ணாதே” என்றாள். இரண்டாம் தரம் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி ஊதியபோது சத்தம் வந்தது. ஐந்து சத்தம், முதலாவது நீளமாக, அப்புறம் ஒவ்வொன்றும் குறைந்துகொண்டே. அப்பா ஊதியது போல இல்லை, ஆனால் உறவு தெரிகிறது. நாம் ரொம்ப நாள் அது ஆண் வாத்து கூப்பிடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். பச்சைத்தலை வாத்தில் அப்படி உரக்கக் கத்துவது பெட்டைதான், ஆண் தொண்டை கட்டியவன் மாதிரி கரகரவென்று மெல்லத்தான் பேசும். அம்மா அடிக்கடி சொல்வாளே, வீட்டில் வாயைத் திறக்காத மனுஷன் தண்ணிக்குள்ள போய் வாத்துப் பெட்டை மாதிரி கத்தறாரு என்று. உண்மையைச் சொன்னால் அப்பா பேசிய குரல் எனக்கு இப்போது சரியாக நினைவில் இல்லை. ஊதல் சத்தம் மட்டும் துல்லியமாக இருக்கிறது.

நீ எழுதியிருந்தாய், அந்த விடியற்காலைகள் போல எதுவும் வராது என்று. வராதுதான். ஆனால் எனக்கு நினைவு வருவதெல்லாம் குளிர். ரப்பர் பூட்ஸில் முதல் துளி தண்ணீர் இறங்கும் அந்த நொடி. இருட்டில் நம் நாய் கருப்பி படகின் முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்கும், குளிரில் இல்லை, ஆசையில். வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், அதனால் காற்று நம் முதுகில் அடிக்க வேண்டும், பொம்மைகளை இரண்டு கூட்டமாகப் போட்டு நடுவில் இறங்க இடம் விட வேண்டும். இதை அப்பா ஒருமுறைதான் சொன்னார். அப்புறம் தப்பாகப் போட்டால் ஒன்றும் சொல்லாமல் தானே தண்ணீரில் இறங்கி மாற்றிப் போடுவார், அது திட்டுவதைவிட மோசம். அதற்கப்புறம் நாணல் மறைப்புக்குள் தலையைக் குனிந்தபடி காத்திருப்பது. முகத்தைத் தூக்காதே, மேலே இருந்து பார்த்தால் முகம் தட்டு மாதிரி பளிச்சென்று தெரியும் என்பார். அதனால் எத்தனையோ நாள் வாத்துகளை முதலில் காதால்தான் பார்த்தோம். தலைக்கு மேலே சிறகு காற்றைக் கிழிக்கிற அந்தச் சீறல், வட்டமடித்து இன்னொரு தரம், சில நேரம் மூன்றாம் தரம், உன் அண்ணனுக்கு மட்டும் சரியாக அப்போதுதான் இருமல் வரும்.

நோட்டுக்கு வருமுன் ஒன்று. வாத்தைச் சுத்தம் செய்யும்போது அப்பா இரைப்பையை அறுத்துக் காட்டுவாரே, அது நினைவிருக்கிறதா? எனக்கு நீ பக்கத்தில் குந்தியிருந்ததுகூடத் தெரிகிறது. உள்ளே அரைபட்ட பச்சை, விதை, பொடிக்கல், மணல். பல் இல்லாத பிறவி, கல்லை விழுங்கித்தான் தீனியை அரைக்கிறது. ஒருநாள் அந்த மணலுக்குள் பளபளவென்று ஒன்று. ஈய ரவை, தேய்ந்து தேய்ந்து தட்டையாகி, மிளகில் பாதி. இது நம் தோட்டாவிலிருந்து பட்டதில்லை என்றார் அப்பா. சேற்றில் கிடந்ததைக் கல் என்று நினைத்து விழுங்கியிருக்கிறது. அந்த வாத்தைத் தூக்கிப் பார், எடையே இல்லை என்று உன் கையில் கொடுத்தார். ஈயம் அப்படித்தான் உள்ளேயே கரைந்து கொல்லும், செத்த வாத்தைத் தின்கிற கழுகையும் கொல்லும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை 1991இல் நாடு முழுக்கத் தடை செய்தார்கள், டென்மார்க்கில் 1996இல் எல்லா வேட்டைக்கும். அப்பா எஃகு ரவைக்கு மாறினார், ஆனால் முனகிக்கொண்டேதான். ஈயத்தைவிட எடை குறைவு, தூரம் போனால் வேகம் செத்துவிடும், வாத்து கிட்டே வரும்வரை விரலை அடக்க வேண்டும். அதில் நாம் விட்டுவிட்ட வாத்துகள் எத்தனை! ஆனால் காயத்தோடு தப்பிப் போவது குறைந்தது என்றும் அவரேதான் சொன்னார்.

காயம் என்றதும் உனக்குப் புரிந்திருக்கும் எங்கே வருகிறேன் என்று.

அவருடைய ஒரே சட்டம்: விழுந்ததை எடுக்காமல் அடுத்த குண்டு கிடையாது. கூட்டம் தலைக்கு மேலே வந்து இறங்கினாலும் சரி, காணாமல் போன ஒன்றைத் தேடிக்கொண்டு ஒரு மணி நேரம் நாணலுக்குள் நடப்பார். நமக்கு எரிச்சலாக வரும். பரத்பூரில் 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் சுட்டது 4273 பறவைகள், கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த இடம் இன்று தேசியப் பூங்கா. அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும், சிறகொடிந்து நாணலுக்குள் நீந்திப் போனவற்றை யார் எண்ணினார்கள்?

நாம் மட்டும் என்ன ஒழுங்கா? எனக்குப் பதினான்கு, உனக்குப் பதினைந்து. அப்பா கருப்பியோடு அந்தக் கோடிக்குப் போயிருந்தார். சின்னக் கிளுவை வாத்துகளின் கூட்டம் தண்ணீரை ஒட்டித் தாழ வந்தது. நான் சுட்டேன், நீயும் சுட்டாய், ஒன்று ஒரு காலைத் தொங்கவிட்டபடி தள்ளாடிப் போய் எதிர் நாணலில் விழுந்தது. உன் குண்டா என் குண்டா என்று இன்றுவரை தீரவில்லை. போய்த் தேடினோம், பத்து நிமிஷம் இருக்கும். எனக்கு இடுப்புவரை தண்ணீர் ஏறிவிட்டது, பல் அடித்துக்கொண்டது, நீதான் “விடுடா” என்றாய், நான்தான் சரி என்றேன். அப்பா வந்து என்ன சத்தம் என்று கேட்டபோது இரண்டு பேரும் ஒரே குரலில், படவில்லை என்றோம். அவர் என் கால்சட்டையைப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. “சரி” என்றார். கொஞ்ச நேரத்தில் காற்று மாறிவிட்டது என்று சொல்லிப் பொம்மைகளை எடுக்கச் சொன்னார். காற்று மாறவே இல்லை, எனக்கு அப்போதே தெரியும்.

இனி நோட்டு. நாற்பது பக்க நோட்டு, பென்சில் எழுத்து. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, இரண்டு வரி. காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எவ்வளவு, யார் யார் வந்தது, தோட்டா எத்தனை, விழுந்தது எத்தனை, எடுத்தது எத்தனை. விழுந்ததும் எடுத்ததும் தனித்தனிக் கட்டம்! சாதனை எழுதும் நோட்டு என்று நினைத்துப் புரட்டினேன், அது கடன் நோட்டு மாதிரி இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போன நாளில் ஓரத்தில் ஒரு சின்ன டிக்.

அந்த நாள் இப்படி இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்:

“காற்று வடகிழக்கு. தோட்டா 7. விழுந்தது 4. எடுத்தது 3. கிளுவை ஒன்று கிடைக்கவில்லை. பையன்கள் சொல்லவில்லை.”

டிக் இல்லை. அடுத்த வரி மறுநாள்:

“துப்பாக்கி கொண்டு போகவில்லை. நானும் கருப்பியும். கிளுவை கிடைத்தது, எதிர் நாணலில், உயிர் இருந்தது. முடித்தேன். கணக்கு சரி.”

அதற்குப் பக்கத்தில் டிக், முந்தின நாள் வரிக்கும் சேர்த்து ஒரு நீளமான டிக்.

மறுநாள் நாம் கிளம்பத் தயாராக நின்றோமே, எனக்கு வேறு வேலை இருக்கிறது, நீங்கள் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாரே, அந்த நாள்தான். நாம் சந்தோஷமாகப் போர்த்திக்கொண்டு தூங்கினோம்.

அவர் இதை ஒருநாளும் கேட்கவில்லை, கடைசிவரை. நான் அந்த நோட்டை மூன்று வாரமாக எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன், பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. எதிர் நாணல் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் கோடியிலிருந்து பார்த்தால் தெரியாது, நடுவில் கரை மேடு இருக்கிறது. நான் சொல்லவில்லை. நீ சொன்னாயா? அன்று மாலையே போய்ச் சொல்லிவிட்டு இத்தனை வருஷம் என்னிடம் மறைத்தாயா? சொன்னாய் என்றால் கோபமில்லை, சத்தியமாக. சொல்லவில்லை என்றாலும் எழுது.

சாய்ந்து மிதக்கிற உன் வாத்தை அனுப்பி வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன், அப்புறம் மனசு மாறிவிட்டது. நீயே வந்து எடுத்துக்கொள். சதுப்பில் மேற்குப் பக்கம் மண் தூர்ந்து மேடாகிவிட்டது, நம் மறைப்பு இருந்த பக்கம் இன்னும் தண்ணீர் இருக்கிறது, போன மாதம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வடக்கே இருந்து கூட்டம் வரத் தொடங்கியதும் சொல்கிறேன். துப்பாக்கியை என் முழங்கால் தாங்காது, இருபத்திரண்டு பொம்மையையும் தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். மரம் நன்றாகத்தான் இருக்கிறது, கயிறு எல்லாம் தொட்டாலே நைந்து போகிறது. வரும்போது புதுக் கயிறு வாங்கி வா, முடிச்சை இந்த முறை நான் போடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய படகோட்டி