நூறு காட்டினால் சந்தோஷப்படாதே

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. 29 வாரத்தில், 1,150 கிராமில் பேத்தி பிறந்திருக்கிறாள், கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடக்கிறாள் என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்ததும் நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்த அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுக்கே திரும்பப் போய்விட்டேன். என் பேரன் 27 வாரம், 940 கிராம். உனக்குத்தான் தெரியுமே.

ஆக்ஸிஜன் கொடுத்தால் குழந்தைக்குக் கண் போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம், நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய். தயவுசெய்து அப்படி எதுவும் சொல்லிவிடாதே. அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் முடிவெடுத்தால் ஆபத்து.

எனக்கு இது எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். அவன் பாதம் என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். அதில் பட்டை ஒன்றைச் சுற்றியிருப்பார்கள், உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று திரையில் நம்பர் ஓடும். 88, 91, 93 என்று அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நாள் போகும். ஒருநாள் 100 காட்டியது. அப்பாடா என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன், நர்ஸ் வேகமாக வந்து ஆக்ஸிஜனைக் குறைத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! நல்லாத்தானே மூச்சு விடுறான், ஏன் குறைக்கிறீங்க என்று சத்தமே போட்டுவிட்டேன். அவர் முகம் சுளிக்காமல், "பாட்டி, இந்தக் குழந்தைக்கு 90க்கும் 95க்கும் நடுவுல இருந்தாப் போதும், 100 வேண்டாம்" என்றார்.

காரணம் இதுதான். விழித்திரையில் ரத்தக்குழாய்கள் ஏறக்குறைய நான்காம் மாதம் கண் நரம்புப் பக்கம் முளைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பரவி, பத்து மாதம் நிறையும் சமயத்தில்தான் ஓரத்தைத் தொடும். வயிற்றுக்குள் ஆக்ஸிஜன் குறைவு, அந்தக் குறைவுதான் குழாயை வளர இழுக்கிறது. பாதியில் வெளியே வந்த குழந்தைக்கு நாம் மூச்சு விடும் சாதாரணக் காற்றே அதிகம், அதற்கு மேல் ஆக்ஸிஜனும் கூடிப்போனால் குழாய் வளர்வது நின்றுவிடும். சில வாரம் கழித்து, குழாய் போய்ச் சேராத ஓரப்பகுதி ரத்தம் கேட்டுத் தவிக்க ஆரம்பிக்கும். அப்போது அவசர அவசரமாக, தாறுமாறாக, லேசில் கசிகிற குழாய்கள் முளைத்து, கடைசியில் விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். குறைமாதக் குழந்தைகளுக்கு வருகிற இந்த விழித்திரை நோயைத்தான் ஆர்ஓபி என்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிப்பதற்குள் உலகம் கொடுத்த விலை கொஞ்சமில்லை வசந்தி. 1942இல் பாஸ்டனில் டெர்ரி என்ற கண் மருத்துவர்தான் இதை முதலில் எழுதி வைத்தார். ஆக்ஸிஜன்தான் காரணமோ என்று 1951இல் மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற டாக்டர் அம்மா சொன்னார். அதற்குள் கிட்டத்தட்ட பத்தாயிரம் குழந்தைகளுக்குப் பார்வை போயிருந்தது. பாடகர் ஸ்டீவி வொண்டர் அப்படிப் பார்வை இழந்தவர்தான், 1950இல் குறைமாதத்தில் பிறந்தவர். சரி, ஆக்ஸிஜனைக் கண்டபடி குறைத்தார்களே, என்ன ஆயிற்று? கண் தப்பியது, குழந்தைகள் மூச்சு முட்டிச் செத்துப்போயின. அதனால்தான் சொல்கிறேன், நிறுத்தச் சொல்லாதே. கூடினால் கண்ணுக்கு ஆபத்து, குறைந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த நர்ஸ் குமிழைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த நடுவழிக்காகத்தான்.

நுரையீரலும் கண்ணைப் போலவே வளர்ச்சி முடியாமல் பாதியில் வெளியே வந்ததுதான். மூச்சுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பு வேண்டும், இந்தக் குழந்தைகளுக்கு அது போதுமான அளவு இருக்காது. அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் 1963இல் ஐந்தரை வாரம்தான் முன்னால் பிறந்தான், எடையும் இரண்டு கிலோவுக்கு மேல், ஆனாலும் 39 மணி நேரத்தில் மூச்சுத் திணறியே போய்விட்டான். அதிபர் வீட்டுக் குழந்தைக்கே அன்றைக்குக் கொடுக்க மருந்து இல்லை. இன்றைக்கு உன் பேத்திக்கு அதைக் குழாய் வழியாக உள்ளே விட்டிருக்கிறார்கள், குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர, பிரசவத்துக்கு முன்பே உன் மகளுக்கு ஸ்டீராய்டு ஊசியும் போட்டாயிற்று என்று நீயே எழுதியிருக்கிறாய். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும். காஃபீன் கொடுக்கிறார்களா என்று கேள். ஆமாம், காபியில் இருக்கிற அதேதான். மூச்சு விட மறந்துபோகிற குழந்தைக்கு அது ஞாபகமூட்டுகிற மாதிரி, நுரையீரலுக்கும் நல்லது.

வயிற்றில் இருந்த வாரத்தையும் சேர்த்து 36 வாரக் கணக்கு வந்த பிறகும் ஆக்ஸிஜன் தேவைப்பட்டால் பிபிடி என்பார்கள், நாள்பட்ட நுரையீரல் பாதிப்பு என்று அர்த்தம், கலங்காதே. எங்களுக்கும் அப்படித்தான் ஆனது, வீட்டுக்கு வரும்போதே சிலிண்டரும் கூட வந்தது. கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்திரியைப் பிரிக்கும்போதெல்லாம் அவன் அழுத அழுகை! ஏழு மாதத்தில் அது போயிற்று. நுரையீரல் பிறந்த பிறகும் சில வருஷம் புதுப்புது மூச்சுப் பைகளை உண்டாக்கிக்கொண்டே இருக்குமாம். ஆனால் முதல் இரண்டு வருஷம் சளி வந்தால் சும்மா விடாதே, வீட்டில் யாரும் புகை பிடிக்கக் கூடாது, இருமுகிற ஆளைக் குழந்தை பக்கத்தில் விடாதே, சொந்தக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். கண் பரிசோதனைத் தேதி. பிறந்து நான்கு வாரத்துக்குள் முதல் பரிசோதனை ஆகிவிட வேண்டும். சொட்டு மருந்து விட்டு, இமையைச் சின்னக் கம்பியால் விலக்கி, தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு டாக்டர் பார்ப்பார். குழந்தை துடிக்கும், உன் மகளை உள்ளே நிற்க வேண்டாம் என்று சொல், நீ நில். ஒருதரம் பார்த்து முடிகிற வேலையும் இல்லை, குழாய் ஓரம் வரை போய்ச் சேர்ந்ததா என்று வாரா வாரமோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ பார்ப்பார்கள்.

எங்கள் பையனுக்கு இரண்டாம் நிலை என்றார்கள், சரியாக ஒரு வாரத்தில் வரச் சொன்னார்கள். அந்த வாரம்தான் வீட்டுக்கு வந்தோம். நல்லாப் பால் குடிக்கிறான், கண்ணைத் திறந்து திறந்து பார்க்கிறான், வெளியில் ஒரு சிவப்பு கிடையாது, சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு ஏன் அலைய வேண்டும், அடுத்த வாரம் போகலாமே என்று நான்தான் சொன்னேன். என் மகள் கேட்கவில்லை. போனால் மூன்றாம் நிலை, குழாயெல்லாம் வீங்கிச் சுருண்டிருக்கிறது, இரண்டு நாளுக்குள் லேசர் வைத்தாக வேண்டும் என்றார்கள். நான் சொன்னதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் சில ராத்திரி தூக்கம் வருவதில்லை. லேசருக்குப் பதில் கண்ணுக்குள் ஊசி போடுவதும் உண்டு, அப்படிப் போட்டால் நோய் திரும்ப வரக்கூடும் என்பதால் இன்னும் அதிக நாள் தொடர்ந்து காட்ட வேண்டும், அதையும் மறக்காதே.

இப்போது அவனுக்குக் கண்ணாடி, கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேட விடுகிறான். ஓடினால் கொஞ்சம் இளைக்கும். நேற்று என் மடியில் உட்கார்ந்து தரையில் போகிற எறும்பை ஒவ்வொன்றாக எண்ணினான், பதினாறு வரைக்கும்.

உன் பேத்திக்கு முதல் கண் பரிசோதனை என்றைக்கு என்று கேட்டு எழுது. நானும் அன்றைக்கு வந்துவிடுகிறேன், உன் மகளோடு வெளியே ஆள் வேண்டுமில்லையா.

அன்புடன்,
சரோஜா