தியேட்டர் புகை: சுகாதாரத் துறைக்கும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், தென்னாப்பிரிக்காவில் ஆபரேஷன் தியேட்டர் நடத்தும் ஒவ்வொரு மருத்துவமனையின் நிர்வாகத்துக்கும்,

வணக்கம். நான் டர்பனில் 22 வருடமாகத் தியேட்டர் சிஸ்டராக வேலை செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் ஸ்க்ரப் வேலை, அதாவது ஆபரேஷன் நடக்கும்போது சர்ஜன் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பது. இந்த விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதி, கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டேன். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று தெரிந்தும் இதைத் தமிழிலும் எழுதுகிறேன். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் ஒரு நர்ஸாவது இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவள் எதைச் சுவாசித்துவிட்டு வீடு திரும்புகிறாள் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

நான் சொல்வது டயதெர்மிப் புகையைப் பற்றி. டயதெர்மி என்பது மின்சாரத்தால் சதையை அரியவும் ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கவும் பயன்படும் கருவி. பேனா மாதிரி இருக்கும். சர்ஜன் பொத்தானை அழுத்தினால் நுனி பட்ட இடம் பொசுங்கிப் புகை எழும்பும். சர்ஜன், உதவியாளர், ஸ்க்ரப் சிஸ்டர் என மூன்று பேரின் முகமும் அதற்கு நேர் மேலே இருக்கும். பெரிய வயிற்று ஆபரேஷன் என்றால் இது மணிக்கணக்கில் நடக்கும். புரட்டாசி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. அந்த மாதத்திலும் நான் கருகிய சதையின் வாடையோடுதான் வீட்டுக்குப் போகிறேன். குளித்தாலும் முடியிலிருந்து போவதில்லை. விளக்கேற்றும் நேரத்தில் அது மூக்கில் ஏறும்போது என்னவோ போல் இருக்கும்.

அந்தப் புகையில் பெரும்பகுதி நீராவிதான். மீதியில் பென்சீன், ஃபார்மால்டிஹைட், ஹைட்ரஜன் சயனைடு, கார்பன் மோனாக்சைடு எல்லாம் இருக்கின்றன. அப்புறம் உடைந்த செல்களின் துணுக்குகள். 1981இல் ஜப்பானில் ஒரு கிராம் திசுவை டயதெர்மியால் எரித்துப் பார்த்தார்கள். மரபணுவைச் சிதைக்கும் ஆற்றலில் அந்தப் புகை ஆறு சிகரெட்டுக்குச் சமம் என்று கண்டார்கள். துகள்களில் பல, மைக்ரானில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. நாங்கள் கட்டும் சாதாரண மாஸ்க் எங்கள் எச்சில் நோயாளியின் காயத்தில் தெறிக்காமல் இருக்கத்தான். இந்தத் துகளைப் பிடிக்க அதனால் முடியாது.

எங்கள் வேலையில் இன்னொரு புகை இருக்கிறது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தெரிந்தால், மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை அரிந்து எடுக்கிறோம். தியேட்டரில் லெட்ஸ் என்போம். எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் எச்.ஐ.வி. அதிகம். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு, இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் எளிதில் தங்கிவிடுகிறது. அதனால் எங்கள் ஊரில் லெட்ஸ் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். சதையில் வைரஸ் இருந்தால் அதைச் சுடும் புகையிலும் அது ஏறக்கூடும். லேசர் புகையில் எச்.பி.வி.யின் டி.என்.ஏ. இருப்பதை 1988இலேயே காட்டிவிட்டார்கள். 1991இல் நார்வேயில் லேசர் சிகிச்சை செய்துவந்த ஒரு சர்ஜனின் குரல்வளையில் எச்.பி.வி. மருக்கள் வந்ததைப் பதிவு செய்தார்கள். 2003இல் ஜெர்மனியில் ஒரு மகளிர் நோய்த் தியேட்டர் நர்ஸுக்கு வந்த அதே நோயைத் தொழில்வழி நோய் என்று ஏற்றுக்கொண்ட செய்தி வெளியானது.

தியேட்டர் நர்ஸ் எல்லோருக்கும் புற்றுநோய் வரும் என்று நிரூபித்துவிட்டார்கள் என நான் சொல்ல மாட்டேன். அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் நிரூபணம் வரும்வரை எங்கள் நுரையீரலை வைத்துக் காத்திருக்க வேண்டுமா? இந்த நாட்டுக்கு அந்தக் காத்திருப்பு என்ன செய்யும் என்று தெரியும். தங்கச் சுரங்கத்தின் சிலிக்கா தூசி தொழிலாளர்களின் நெஞ்சை அரித்தது பல பத்தாண்டுக் கதை. அதற்கான 500 கோடி ரேண்ட் இழப்பீட்டு உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்றது 2019இல்தான். அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் தாத்தா டோங்காட் பக்கம் கரும்புக் காட்டில் வேலை செய்தவர். வெட்டுவதற்கு முன் தோகைக்குத் தீ வைப்பார்கள். கருஞ்சாம்பல் பறந்து வந்து கொடியில் காயும் துணியில் விழும். அவருடைய இருமலை யாரும் அவருடைய வேலையோடு சேர்த்துப் பேசியதே இல்லை.

ஊசி குத்தினால் எங்களிடம் ஒழுங்கான வழி இருக்கிறது. பதிவேட்டில் எழுத வேண்டும், ரத்தம் கொடுக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். எக்ஸ்ரே கேஸ் என்றால் ஈய ஏப்ரன். புகைக்கு எங்கள் தியேட்டர் சுவரில் ஒட்டிய விதிகளில் ஒரு வரிகூட இல்லை. போன வருடம் புதிதாக வந்த ஒரு ஜூலுப் பெண் முதல் நாளே கேட்டாள்: "சிஸ்டர், இந்தப் புகை நம்மை ஒன்றும் செய்யாதா?" பழகிவிடும் என்றேன். எனக்கு என் மூத்த சிஸ்டர் சொன்ன பதிலும் அதுதான். சில நாளில் அவள் கர்ப்பமாக இருப்பது தெரிந்தது. எக்ஸ்ரே கேஸ்களிலிருந்து உடனே விலக்கினார்கள், அதற்கு விதி இருக்கிறது. விலக்கி அவளை எங்கே போட்டார்கள் தெரியுமா? லெட்ஸ் பட்டியலில். பட்டியல் போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த தாளில் புகை என்ற சொல்லே இல்லை. பழகிவிடும் என்று சொன்ன நான்தான் அன்று வாய் திறந்திருக்க வேண்டும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. புகையை உறிஞ்சும் இயந்திரம் இருக்கிறது. அதன் உல்பா வடிகட்டி 0.12 மைக்ரான் துகளைக்கூட ஏறக்குறைய முழுதாகப் பிடித்துவிடும். குழாயின் வாய் புகை எழும் இடத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் தியேட்டரிலும் அப்படி ஒன்று உண்டு. மூலையில் துணி போர்த்தி நிற்கிறது. வாங்கும்போது கூட வந்த வடிகட்டியின் காலம் முடிந்துவிட்டது. புதியதை ஆர்டர் செய்ய யாருடைய பட்ஜெட்டிலும் இடம் இல்லை. இயந்திரம் வாங்குவது ஒரு கணக்கு, மாதாமாதம் வடிகட்டியும் குழாயும் வாங்குவது இன்னொரு கணக்கு. இரண்டாவது கணக்குக்குச் சொந்தக்காரர் இல்லை. இயந்திரத்தின் இரைச்சல் பிடிக்காத சர்ஜன்களும் உண்டு. அவர்கள் வேண்டாம் என்றால் ஒரு சிஸ்டர் எப்படி வேண்டும் என்பாள்? அதனால் சுவரில் இருக்கும் சாதாரண சக்ஷனை வைத்து ஒப்பேற்றுகிறோம். ரத்தம் உறிஞ்சப் பிடித்த குழாய் எப்போது புகையை உறிஞ்சும்?

2020இல் கொரோனா வந்தபோது எல்லோருக்கும் திடீரென்று இந்தப் புகை நினைவுக்கு வந்தது. சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி ஆபரேஷனில் வயிற்றுக்குள் அடைத்த வாயுவை வால்வைத் திறந்து அறைக்குள் விடக்கூடாது, வடிகட்டி வழியாகத்தான் விட வேண்டும் என்றார்கள். கேட்ட பொருள் சில வாரங்களில் வந்தது. பயம் தணிந்ததும் பழைய வழக்கமே திரும்பிவிட்டது. முடியும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

1993ஆம் ஆண்டின் தொழில்சார் உடல்நலப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, இயன்றவரை ஆபத்தில்லாத வேலையிடம் தருவது முதலாளியின் கடமை என்கிறது. எங்கள் தியேட்டரில் இயன்றதுதான் மூலையில் துணிக்கடியில் நிற்கிறதே. அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலம் 2018இல் தியேட்டர் புகைக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. நாமும் செய்யலாம்.

உங்களிடம் முதலில் கேட்பது வடிகட்டியைத்தான். டயதெர்மி வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும் புகை உறிஞ்சியும் அதற்கு ஆண்டு முழுவதும் வேண்டிய வடிகட்டிகளும் சேர்ந்தே இருக்கட்டும். புகை வரும் எந்த ஆபரேஷனிலும் அதை ஓட்டுவது விதியாகட்டும், சர்ஜனின் விருப்பமாக வேண்டாம். மருத்துவமனைகளைச் சோதிக்க வரும் சுகாதாரத் தர இணக்க அலுவலகத்தார் தங்கள் படிவத்தில் இதையும் ஒரு கேள்வியாகச் சேர்க்கட்டும். கேள்வி இருந்தால்தான் மேனேஜர் வடிகட்டியைத் தேடுவார்.

லெட்ஸ், லேசர் பட்டியல்களில் நிற்பவர்களுக்கு முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்த என்95 மாஸ்க் கொடுங்கள். கர்ப்பிணிகளை அந்தப் பட்டியல்களிலிருந்து விலக்குங்கள். எச்.பி.வி. தடுப்பூசியையும் தாருங்கள். பள்ளிகளில் அது 2014இல்தான் தொடங்கியது. அன்று நான்காம் வகுப்பில் இருந்த சிறுமிகள் இப்போதுதான் இருபதைத் தாண்டியிருக்கிறார்கள். எங்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த ஊசி கிடைக்கவே இல்லை.

வடிகட்டியின் மாடல் எண்ணை எழுதி எங்கள் ஸ்டோர்ஸில் நானே கொடுத்திருக்கிறேன். அடுத்த லெட்ஸ் பட்டியல் செவ்வாய்க்கிழமை. அதில் ஆறு பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தியேட்டர் சிஸ்டர்
சாட்ஸ்வொர்த், டர்பன்