வேவ் ஃபைலுக்கும் டேக் போடலாம், படிக்கத்தான் ஆளில்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல பழைய சிடி, கேசட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வைக்கறது பத்தி வந்த கட்டுரை உபயோகமா இருந்துச்சு. ஆனா கடைசியில "எல்லாத்தையும் வேவ்லயே வச்சுக்கோங்க, அதுல டேக் போட வழி கிடையாது, விவரத்தை ஃபைல் பேர்லயே எழுதிடுங்க"ன்னு முடிச்சிருந்தீங்க, அது சரியில்லைங்க.

வேவ்ங்கறது சத்தத்தை சுருக்காம அப்படியே வைக்கற ஃபைல், டேக்குங்கறது பாட்டோட விவரத்தை ஃபைலுக்குள்ளயே எழுதி வைக்கற குறிப்பு. வேவ்ல டேக் போட இடம் இருக்கு. மைக்ரோசாஃப்ட்டும் ஐபிஎம்மும் 1991ல கொண்டு வந்தது அது, ஃபைல் துண்டு துண்டா இருக்கும், சத்தம் ஒரு துண்டுல, விவரம் வேற துண்டுல. இன்ஃபோன்னு ஒரு துண்டு உண்டு, பாட்டு பேர், பாடினவர், வருஷம்லாம் அதுல எழுதலாம். எம்பி3ல வர்ற ஐடி3 டேக்கையும் சில சாஃப்ட்வேர் இதுக்குள்ள சொருகும். 1997ல ஐரோப்பிய ஒலிபரப்பு யூனியன் பிராட்காஸ்ட் வேவ்னு ஒண்ணு வேற பண்ணாங்க, ஆனா அது யார், எப்ப ரெக்கார்ட் பண்ணாங்கன்னு ஸ்டேஷன்காரங்க குறிச்சுக்க, நமக்கு ஆகாது. சிக்கல் எங்கன்னா, ஒரு சாஃப்ட்வேர் இன்ஃபோல எழுதும், இன்னொண்ணு ஐடி3யை மட்டும் தேடும், மூணாவது ஒண்ணுல எடிட் பண்ணி சேவ் பண்ணா ரெண்டும் காணாம போயிடும். தமிழ்ல எழுதினா இன்னும் மோசம், இன்ஃபோல எந்த என்கோடிங்னு (எழுத்தை கம்ப்யூட்டர் குறிச்சு வைக்கற முறை) எல்லாரும் ஒத்துக்கிட்ட ஏற்பாடு இல்லாததால பல பிளேயர்ல வெறும் கேள்விக்குறியா தான் வரும்.

சுருக்காத ஃபைல்னாலே இப்படித்தான்னு நினைச்சிடாதீங்க. ஆப்பிளோட ஏஐஎஃப்எஃப்பும் சுருக்காதது தான், அதுல ஐடி3 ஓரளவு ஒழுங்கா நிக்கும்.

ஃபைல் பேர்ல எழுதற யோசனை நம்ம பாட்டுக்கு சரிப்படாது. படம், இசையமைப்பாளர், பாடின ரெண்டு பேர், எழுதினவர், வருஷம்னு போட்டா ரயில் பெட்டி மாதிரி நீளும், அப்புறம் பாடகர் வாரியா பிரிச்சு கேக்கணும்னா பிளேயருக்கு ஒண்ணும் புரியாது. கச்சேரி ரெக்கார்டிங்னா ராகம், தாளம், பக்கவாத்தியம் வேற.

இதுக்கெல்லாம் ஃப்ளாக் தாங்க சரி, அது சத்தம் கெடாம சுருக்கி வைக்கற ஃபைல் வகை. 2001ல இருந்து இருக்கு, டேக் எப்படி இருக்கணும்னு ஆரம்பத்துலயே தீர்மானமா சொல்லிட்டாங்க, என்கோடிங் எல்லா மொழி எழுத்தையும் எழுத முடியற யூடிஎஃப்-8 மட்டும் தான், அதனால தமிழ் தமிழாவே இருக்கும். ராகத்துக்கு தனியா ஒரு ஃபீல்ட் நாமளே உண்டாக்கிக்கலாம் (ஃபீல்டோட பேரை மட்டும் இங்கிலீஷ் எழுத்துல வைக்கணும், உள்ள தமிழ் போடலாம்). ரெண்டு பேர் பாடினா ஆர்ட்டிஸ்ட் ஃபீல்டையே ரெண்டு தடவை போடலாம், அட்டைப் படமும் உள்ளயே இருக்கும்.

சுருக்கினா குவாலிட்டி போயிடும்னு பயப்படறவங்களுக்கு: சிடி குவாலிட்டி வேவ் நிமிஷத்துக்கு சுமார் 10 எம்பி, ஃப்ளாக் பெரும்பாலும் அதுல பாதியோ பாதிக்கு கொஞ்சம் மேலயோ, ஆனா பிரிச்சா ஒரு பிட் கூட மாறாம அதே சத்தம் தான் வரும். மூல சத்தத்தோட எம்டி5 கணக்கும் (சத்தத்துக்கு கைரேகை மாதிரி ஒரு எண்) ஃபைல்லயே பதிவாகறதால சந்தேகம்னா சரிபார்த்துக்கலாம், வேவ்ல அந்த வசதி கிடையாது. ஐபோன்காரங்க மட்டும் ஏஎல்ஏசி (ஃப்ளாக் மாதிரியே சத்தம் கெடாம சுருக்கற ஆப்பிளோட ஃபைல் வகை) பக்கம் போகணும், ஆப்பிள் மியூசிக் ஆப் ஃப்ளாக்கை லைப்ரரியில சேர்க்காது.

இன்னொண்ணு, ஏற்கனவே வேவ்ல டேக் போட்டு வச்சிருக்கறவங்க அவசரப்பட்டு மொத்தமா கன்வெர்ட் பண்ணிடாதீங்க. ஃப்ளாக்கோட சொந்த கமாண்ட் டூல் சும்மா ஓட்டினா அந்த பழைய டேக்கை எடுத்துக்காது. முதல்ல ரெண்டு மூணு ஃபைலை மாத்திப் பாருங்க.

அடுத்த இதழ்ல எம்பி3டேக், பிக்கார்ட் மாதிரி டேக் போடற சாஃப்ட்வேரை ஸ்க்ரீன்ஷாட்டோட விளக்கி ஒரு பக்கம் போடுங்க. பிக்கார்ட் நெட்ல இருந்து எடுக்கற பேர் நிறைய தமிழ் பாட்டுக்கு இங்கிலீஷ் எழுத்துல தான் வருது, அதை தமிழ்ல மாத்தறதையும் சேர்த்து சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி